நான்கு அங்குலம் உயர விரும்பும் மகனுக்கு

உனக்கு ஸலாம். ஸலாம் உரைப்பது கடமையாதலால் உரைத்தேன். நலமா என்று கேட்பது கடமையன்று. கடந்த வெள்ளிக்கிழமை என் வீட்டில் நீ மறுசோறும் அதன்மேல் மறுசோறும் வாங்கி உண்டதைக் கண்ணால் கண்டபடியால் அக்கேள்வியைத் தவிர்க்கிறேன். வாயால் கூற வேண்டியதை ஏன் எழுத்தில் வைக்கிறேன் என்று நீ வியக்கக்கூடும். வாயால் கூறியபோது நீ உன் நண்பன் அமீனின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். கடிதத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு முதலில் அதனை வாசித்தாக வேண்டும். அந்தச் சிரமத்தையாவது உனக்குத் தர விரும்புகிறேன். இதனை ஒளித்து வைக்கவும் வேண்டியதில்லை. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிக்கப் வைத்திருக்கும் இளைஞர் அனைவருக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுடைய தாய்மார் மென்மையானவர்கள். இவ்வாறு எழுத அவர்களுக்கு மனம் வராது. அந்தப் பிள்ளைகளும் என் கடுமையால் பயன் பெறட்டும்.

விடயத்துக்கு வருகிறேன். கல்முனை வைத்தியசாலையில் வைத்தியர் உன் மனைவியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கூறியதை நானும் உடனிருந்து கேட்டேன். வெளியே நின்ற உனக்கும் எழுத்துப் பிசகாமல் கூறினேன். பிள்ளை குறுக்கே கிடக்கிறது. வலி தொடங்கியதும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். மருத்துவிச்சியை வைத்து வீட்டில் பார்க்கக்கூடிய பிள்ளைப்பேறு அல்ல இது. சம்மாந்துறையில் உன் மாமனார் வீட்டு முற்றத்தில் இரண்டு உழவு இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றில் நெல்லை ஏற்றலாம், வலியில் துடிக்கும் பெண்ணை ஏற்ற முடியாது. ஏற்றக்கூடியது, நீ மாப்பிள்ளையாகிப் போகும்போது நான் உனக்குத் தந்த பிக்கப் ஒன்றே. இன்னும் ஒரு மாதத்தில் தாயையும் பிள்ளையையும் சுமக்க வேண்டிய அந்த வாகனத்தைத்தான் நீ நான்கு அங்குலம் உயர்த்தப் போவதாக என் வீட்டில் வந்து அறிவித்தாய். அதுவும் ஏதோ பட்டம் பெற்றவனைப்போல் அறிவித்தாய்.

நான் ஐந்தாம் வகுப்புடன் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள். நிறுத்தியவர்கள் என் படிப்பை நிறுத்திவிட்டதாக எண்ணினார்கள். அவர்கள் நிறுத்தியது பள்ளிக்கூடத்தை மட்டுமே. இறக்குமதிக்குக் கதவு திறந்துவிடப்பட்டு, ஜப்பான் வாகனங்கள் இந்தக் கரையோரத்து வீதிகளில் பெருகிய காலத்தில் உன் வாப்பா இந்தப் பிக்கப்பை வாங்கி வந்தார். அதனுடன் ஓர் ஆங்கிலக் கைநூலும் வந்தது. அவர் அதனை ஆசனத்துக்கு அடியில் எறிந்தார். நான் எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, முதற்பக்கத்திலிருந்து இறுதிப்பக்கம் வரை வாசித்தேன். வளவு மதிலுக்குள் அவர் வாகனத்தின் கீழே படுத்திருக்க, நான் வாசித்துப் பொருள் கூற, அவர் கழற்றிப் பூட்டினார். மறுநாள் சந்தியில் நின்று அதனையெல்லாம் தமது சொந்த ஞானம்போல் பிறருக்கு விளக்குவார். நான் ஒருபோதும் மறுத்ததில்லை. பிழையின்றி விளக்கினார் என்பதே எனக்குப் போதுமானதாயிருந்தது. உன்னிடமும் நான் அதற்கு மேல் கேட்கவில்லை. என் அறிவை உன்னுடையதென்று சொல்லிக்கொள். பிழையாகச் சொல்லி என்னை வெட்கப்படுத்தாதே.

உனக்கு இந்த உயர ஆசை எங்கே பிறந்தது என்பதை நான் அறிவேன். உன் மனைவி எனக்குக் கூறினாள். சிரிக்காமல் கூற முயன்றாள், இயலவில்லை. உன் மாமனாரின் வயல்கள் கிடக்கும் வட்டைக்குப் போகும் பாதையில் உழவு இயந்திரங்களின் சில்லுகள் இருபுறமும் பள்ளம் தோண்டியிருக்கின்றன. நடுவே மண் முதுகுபோல் உயர்ந்து, காய்ந்து, கல்லாகிக் கிடக்கிறது. அறுவடையில், வேளாண்மை வெட்டின்போது, நெல் மூடைகளுடன் நீ வந்தாய். வாகனத்தின் வயிறு அந்த மண்முதுகில் ஏறி அமர்ந்துகொண்டது. பின்சில்லுகள் வெறுமனே சுழன்றன. உன் மாமனாராகிய நிலக்காரப் போடியார் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு, வெட்டுக்காரர் அனைவரும் கேட்கும்படி பேசினாராம்.

“என்ன மருமகன், உங்கட கோழி அடைக்குக் குந்திட்டா?”

“போடியார், எத்தின முட்டை இரிக்கிண்டு குனிஞ்சி பாக்கட்டா?” என்றானாம் வெட்டுக்காரரில் ஒருவன்.

“வேணாண்டா, கொத்திப்போடும். ட்ரக்டரக் கட்டி இழுங்க. மாப்பிள்ளைட கோழி, நோகாம இழுங்க.”

அதற்கு நீ கூறிய மறுமொழி, “ஓம் மாமா.” அவ்வளவே. அன்று உன் மனத்தில் வாகனம் உயரத் தொடங்கியது. பக்கத்து வயல்காரரின் ஜீப் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் என்று நீயே அளவும் தீர்மானித்துவிட்டாய். கேலிக்கு மருந்தாக இரும்பைத் தேடிய முதல் மனிதன் நீயல்லை என்பதை மட்டும் உனக்கு ஆறுதலாகக் கூறுகிறேன். மற்றவனைப் பற்றிப் பின்னர் எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீயும் அமீனும் வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை நற்பிட்டிமுனைக் கொல்லன் என் வளவுக்கு வந்து வில்தகடுகளைக் கூட்டி வாகனத்தை உயர்த்துவான் என்றாய். அதற்கென்று கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் தெருவிலிருந்து அமீன் கொண்டுவந்த நான்கு சொக்குகளைப் பத்திரிகைத் தாளிலிருந்து அவிழ்த்து, நான் உட்காரும் பன்பாயின்மீது, மணமகளின் நகைகளைப் பரப்புவதுபோல் பரப்பினாய். அதிர்வுதாங்கி என்று நான் எழுதுவேன். ஆனால் உன் விளக்கத்துக்காக உன் சொல்லையே ஆள்கிறேன். ஒவ்வொன்றும் என் முழங்கையளவு தடிப்பு.

“உம்மா, லொறிச் சொக். இனி உடையவே உடையாது” என்றாய்.

“இழுத்தா எத்தின அங்குலம் நீளும்?”

“நல்லா நீளும்.”

“நல்லா எண்டா எத்தின அங்குலம்?”

அமீன் குறுக்கிட்டான். “மாமி, சாமான் ஸ்ரோங். அளவெல்லாம் தேவல்ல. நான் கண்ணால பாத்து எடுத்த.”

“கபுறு வெட்டுறதுக்கும் அளவெடுக்கிற தம்பி. கண்ணால பாத்து வெட்டினா கால் வெளியில நிக்கும்.”

அப்போதுதான் நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அழுத்து என்றேன். நீ உன் முழுப் பாரத்தையும் அதன்மேல் சாய்த்தாய். அது உன்னை மதிக்கவில்லை. அமீனும் வந்து சேர்ந்தான். இரண்டு ஆண்பிள்ளைகள் ஓர் இரும்புக் குழாயைக் கட்டித்தழுவிக்கொண்டு மூச்சு வாங்கிய காட்சியை என் அயலவர் காணாதது அவர்களுடைய துரதிர்ஷ்டம். ஒரு விரற்கடை இறங்கியது. “பாத்தீங்களா மாமி, அவ்வளவு ஸ்ரோங்” என்றான் அமீன். அந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் இருவருடைய அறிவும் அடங்கியிருந்தது.

கேள். சொக் என்பது வாகனத்தைத் தாங்கும் பொருள் அன்று. தாங்குவது வில்தகடு. பள்ளத்தில் விழுந்து எழும்போது தகடு ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே சொக்கின் பணி. லொறியின் ஆட்டத்தை அடக்கப் படைக்கப்பட்டது, பின்புறம் வெறுமையாக வரும் பிக்கப்பின் தகட்டை ஆடவே விடாது. அப்போது வீதியின் ஒவ்வொரு கல்லும் நேரே உள்ளே இருப்பவரின் முதுகெலும்புக்கு ஏறும். உள்ளே இருக்கப் போவது யாரென்று நான் மேலே எழுதிவிட்டேன். ஆகையால் தடிப்பைப் பார்த்து வாங்குபவன் மூடன்; முதலில் பாரத்தைப் பார்க்க வேண்டும். அதன் பின்னர் நீளம். சில்லு முழுவதுமாகக் கீழே தொங்கும்போது சொக்கின் மேற்பிடிக்கும் கீழ்ப்பிடிக்கும் இடையே எவ்வளவு தூரமோ, நீட்டினால் அது அவ்வளவுக்கு எட்ட வேண்டும். பாரத்தில் அச்சு மேலேறிச் சட்டத்தின் கீழுள்ள றப்பர்க் கட்டையில் முட்டும்போது எவ்வளவு தூரம் மிஞ்சுகிறதோ, சுருங்கினால் அதற்குள் அடங்க வேண்டும். குட்டையான சொக், சில்லு பள்ளத்தில் இறங்கும் வேளையில் தன் நீளம் முடிந்து, பூட்டிய பிடியையே பிடுங்கிக்கொண்டு வரும். மிக நீளமானது, றப்பர்க் கட்டை முட்டுவதற்கு முன்பே தானே அடிமுட்டி உள்ளே நொறுங்கும். இறங்கும்போதோ அச்சைத் தடுத்து நிறுத்த எதுவுமின்றி, அதன் பாரம் முழுவதும் பிறேக் குழாயில் தொங்கும். குழாய் தொங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று.

இதிலிருந்து ஒரு சிறு பிள்ளையும் அறியக்கூடிய முடிவு ஒன்று உண்டு. வாகனத்தை உயர்த்தினால் இந்த அளவுகள் யாவும் மாறும். ஆகவே, உன் வாகனத்தின் பாரத்துக்குப் பொருத்தமான சொக் எந்த நீளத்தில் கிடைக்கிறதென்று முதலில் அறிந்து, அந்த நீளமும் பிறேக் குழாயும் இடந்தரும் அளவுக்கே உயர்த்த வேண்டும். உயரத்தைத் தீர்மானிப்பது சொக். சம்மாந்துறையில் நிற்கும் எவருடைய ஜீப்பும் அன்று. நீங்களோ முதலில் உயர்த்துகிறீர்கள், பிறகு கடைகடையாக ஏறி, “இன்னும் கொஞ்சம் நீளமா இரிக்கா?” என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் என்பது ஓர் அளவு என்று எந்தப் பள்ளிக்கூடம் உங்களுக்குக் கற்பித்ததோ, அதிலிருந்து என்னை நிறுத்தியதற்காக நான் இப்போது நன்றி பாராட்டுகிறேன்.

முன்னே குறிப்பிட்ட மற்ற மனிதர் உன் வாப்பாவே. பெரும் புயல் அடித்து வீதிகள் சிதைந்ததற்கு மறு ஆண்டு அது. வாகனத்தின் வயிறு வீதியில் தட்டுகிறதென்று யாரோ சந்தியில் நகைத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு சொல்லும் கேளாமல் வேறோர் ஊரில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்திக்கொண்டு வந்தார். பின்னர் கொஞ்சம் நீளமான சொக்குகளைத் தேடிப் பூட்டினார். கைநூல் வீட்டில் இருந்தது, அதனை வாசிக்கக்கூடியவளும் வீட்டில் இருந்தாள். வாய்க்காலுக்கு இறங்கும் சரிவில் பின்சில்லுகள் பள்ளத்தில் தொங்கின, குழாய் அறுந்தது, பிறேக் நிலம் வரை அழுந்தியது. மூடைகளின்மேல் சாய்ந்து வந்த என் தம்பி, உன் சின்ன மாமா, வாய்க்கால் கட்டில் தூக்கி எறியப்பட்டார். இன்று அவர் இடப்பக்கம் சாய்ந்து நடக்கிறாரே, அந்த நடைக்கு வயது அன்றிலிருந்துதான். எருமை குறுக்கே வந்ததாக உன் வாப்பா ஊருக்குக் கூறினார். அந்த எருமையை இன்றுவரை எவரும் கண்டதில்லை. நல்ல மனிதர், அல்லாஹ் அவருக்கு அருள்வானாக. ஆனால் நல்ல மனிதர்களுக்காகப் பிறேக் குழாய் நீள்வதில்லை.

நீங்கள் உண்டு முடித்து, வாகனத்தை என் வளவில் நிறுத்தி, லொறிச் சொக்குகளைச் சுமந்துகொண்டு பஸ் ஏறியபின், மறுநாள் நான் உன் சின்ன மாமாவை அழைத்தேன். சட்டத்தின் கீழ் ஜக் வைத்து, சில்லுகள் தொங்கும்வரை உயர்த்தினோம். அவர் கீழே படுத்து நூலைப் பிடிக்க, நான் மேலிருந்து இழுத்து முடிச்சிட்டேன்.

“ராத்தா, அண்டைக்குக் குறுக்க வந்த எருமை இப்ப என்ட மருமகன்ட ரூபத்தில வந்திரிக்கி” என்றார் உள்ளே கிடந்தபடியே.

“பேசாமப் புடி. எருமைக்குத்தான் அளவெடுக்கிறம்.”

பின்னர் ஜக்கை இறக்கி, களஞ்சியத்து நெல் மூடைகளை ஏற்றி, றப்பர்க் கட்டை முட்டும்வரை அழுத்தி மீண்டும் அளந்தோம். உன் பழைய சொக்குகள் எண்ணெய் வடிந்து, கையால் அழுத்தினால் திரும்பி எழாமல் கிடந்தன. இத்தனை மாதம் நீ அவற்றின்மேல்தான் கர்ப்பிணியை ஏற்றித் திரிந்தாய். உயரம் குறைவென்பது தெரிந்த உன் கண்ணுக்கு அது தெரியவில்லை. கழற்றிய ஒன்றையும் முடிச்சிட்ட நூலையும் கொழும்பு பஸ் சாரதியிடம் கொடுத்தனுப்பினேன். கடைக்காரர் வாசிக்கத் தெரியாதவராயினும் முடிச்சை நீட்டிப் பார்க்கத் தெரிந்திருப்பார் அல்லவா? இதே பாரத்துக்குச் செய்யப்பட்ட, சற்றே நீளமான சொக்குகள் வந்து சேர்ந்தன. அவற்றை மீண்டும் நூலில் வைத்துப் பார்த்தேன். அவையும் குழாயும் சேர்ந்து இடந்தருவது இரண்டு அங்குலம். ஞாயிறன்று வந்த கொல்லனுக்கு நான் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பியதும் இந்த விடை தெரியாமையினாலேயே. அவன் நாளை மீண்டும் வருவான்; இரண்டு அங்குலத்துக்கு மேல் அவனுடைய சுத்தியல் எழாது.

இத்துடன் முடித்திருந்தால் இது ஒரு கைநூலாகவே இருந்திருக்கும். ஆனால் நேற்றுப் புதன்கிழமை உன் மனைவி கிளினிக்குக்கு வந்து, திரும்பும் வழியில் என்னிடம் வந்தாள். நான் பிக்கப்பின் கதவுப்படியின்மேல் நான்கு அங்குலக் கட்டையொன்றை வைத்து, அதன்மேல் ஒரு காலை வை, மகள் என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலை உயர்த்தினாள். பாதி வழியில் இறக்கிவிட்டாள்.

“மாமி, இதுக்கு மூட ஏத்துற ரெண்டு பேர் வேணும். ஒராள் தூக்க, ஒராள் தள்ள.”

இரண்டு அங்குலக் கட்டையில் கதவைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறினாள். இந்தப் பரிசோதனையை அவள் கணவன் ஏன் செய்து பார்க்கவில்லை என்று நான் அவளிடம் கேட்கவில்லை. மறுமொழி தெரிந்த கேள்விகளில் எனக்கு விருப்பமில்லை. வேறொன்று கேட்டேன். அந்தப் பாதையின் நடுவிலே கிடக்கும் மண்ணை வெட்டிச் சமப்படுத்த அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையா என்றேன்.

“நான் அவருக்கிட்ட சொன்னன் மாமி. ‘புது மாப்பிள்ளை, மாமாட்ட அத எப்பிடிக் கேக்கிற’ண்டார்.”

“மறுகா?”

“மறுகா நானே வாப்பாட்ட கேட்டன். ‘இதுக்கென்ன மகள், மருமகன் வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அண்டைக்கே வெட்டியிருப்பனே’ண்டார். திங்கக்கிழம ரெண்டு பேர் மம்பட்டியோட போய் வெட்டிட்டாங்க.”

“என்ட மகனுக்குத் தெரியுமா?”

“இன்னும் தெரியா. வேளாண்மை வெட்டு முடிஞ்சதால அவர் வட்டைக்குப் போகல்ல. வீட்ட இருந்து லொறிச் சொக்குக்குச் சிவப்புப் பெயின்ற் அடிக்கார்.”

நான் நெடுநேரம் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் போனபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை, பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது; உண்ணும் பாத்திரமும் அவளுடைய தாய் தந்தது. அந்த வீட்டில் குரலைத் தாழ்த்தி நடப்பது மரியாதை என்று நானும் உனக்குக் கூறித்தான் அனுப்பினேன். குரலைத் தாழ்த்தச் சொன்னேனே தவிர, விழுங்கிவிடச் சொல்லவில்லை. மாமனாரிடம் ஒரு வாக்கியத்தை எழுப்ப அஞ்சி, ஒரு வாகனத்தையே எழுப்பப் புறப்பட்ட மாப்பிள்ளையை இந்தக் கரையோரம் இதற்கு முன் கண்டிராது. அவரோ நீ கேட்பாய் என்று காத்திருந்திருக்கிறார். கேலி செய்யும் மனிதருக்கு மறுமொழி கேட்கவே ஆசை இருக்கும் என்பதுகூட உனக்குத் தெரியவில்லை.

இப்போது, இவ்வளவையும் நான் எழுதியதன் காரணத்தைக் கேள். வலி தொடங்கும் நாள் வரும். உன் மாமியார், “கொஞ்சம் பொறுங்க, மருத்துவிச்சி வந்து பாக்கட்டும்” என்பார். மாமனார், “முதற்பிள்ளை, சுணங்கும், அவசரப்படாதீங்க” என்பார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுடைய பிள்ளைகள் யாவரும் அந்த வீட்டிலேயே, அந்த மருத்துவிச்சியின் கையிலேயே சுகமாகப் பிறந்தவர்கள். அப்போது அந்த விறாந்தையில் நின்று, “இல்லை மாமா, இப்பவே கொண்டு போறன்” என்று சொல்ல வேண்டியவன் நீ. அவள் சொல்ல மாட்டாள் என்றல்ல. அந்த வேளையில் அவளுக்குக் கத்துவதற்கு மட்டுமே மூச்சு இருக்கும். காய்ந்த மண்ணைப் பற்றிப் பேசவே நா எழாதவன், அன்றைக்கும் “ஓம் மாமா” என்று சொல்லி, சரியான சொக்கும் சரியான உயரமும் உள்ள வாகனத்தை முற்றத்திலே நிறுத்திவைத்து, அதன் அருகில் நின்றுகொண்டிருப்பான் என்ற அச்சம் என்னை நேற்றிலிருந்து உட்கார விடவில்லை. நூலால் அளக்கக்கூடியவற்றையெல்லாம் நான் அளந்துவிட்டேன். எஞ்சியிருப்பது உன்னிடம் இருக்கிறது; இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். நாளை மாலை வாகனம் என் வளவில் தயாராகிவிடும். சாவி என்னிடம் இல்லை; நேற்றே உன் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அதனை அவள் இரகசியமாக உன் கையில் தரமாட்டாள். அவளுடைய வாப்பாவும் உம்மாவும் விறாந்தையில் உட்கார்ந்திருக்கும்போது, நீ எழுந்து நின்று, எங்கே போகிறாய், எதற்காகப் போகிறாய், எப்போது போகிறாய் என்பதை அவர்கள் காதில் விழும்படி சொல்லிக் கேட்டால் மட்டுமே தருவாள். திரும்பி வந்ததும் சாவி மீண்டும் அவளிடம் போகும். இந்த நிபந்தனையை நான் விதித்ததாக எண்ணி என்மேல் சினம் கொள்ளாதே. இது முழுவதும் அவளுடைய யோசனை. உன்னைப் பற்றி என்னைவிட அவளுக்கு நல்லெண்ணம் இருக்கிறது, கற்றுக்கொள்வாய் என்கிறாள். முதல் நாள் உன் குரல் நடுங்கும், அமீன் கேள்விப்பட்டால் நகைப்பான், போடியார் புருவத்தை உயர்த்துவார். நடுங்கட்டும். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் எழுந்து நின்று கேள்.

உம்மா